பள்ளிப்பட்டின் பழைய தாள்கள் எங்கே இருக்கின்றன?

பள்ளிப்பட்டு எந்த மாவட்டம்? இன்று கேட்டால் திருவள்ளூர். 1997க்கு முன்பு கேட்டிருந்தால் செங்கல்பட்டு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பு என்றால் சித்தூர். அந்தச் சித்தூரும் 1953 அக்டோபர் முதல் ஆந்திர மாநிலத்தில் இருந்தது, அதற்கு முன் சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டமே 1911இல்தான் உருவானது. அதற்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. வட ஆற்காட்டுக்குள்ளும் திருத்தணியைச் சுற்றியுள்ள பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனின் பிடியில் இருந்தது. கம்பெனிக் காலத்துத் தாள்களில் அந்த ஜமீனுக்கு பொம்மராஜ பாளையம் என்று இன்னொரு பெயரும் உண்டு.

ஊர் எங்கும் நகரவில்லை. கொசஸ்தலை ஆறும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. ஊரைப் பற்றிய தாள்கள்தான் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கின்றன. ஒரு மாணவி தன் கொள்ளுத்தாத்தாவின் நிலத்தைப் பற்றியோ, தன் சேரிக்குப் பள்ளிக்கூடம் வந்ததைப் பற்றியோ தேட வேண்டுமென்றால் இந்தப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். 'திருவள்ளூர் மாவட்டம்' என்று மட்டும் தட்டினால், 1997க்கு முன்னால் நம் ஊர் இருந்ததே இல்லை என்பது போல ஒரு வெற்றுத் திரை வரும். அதைப் பார்த்துவிட்டு "நம்மளப் பத்தி யாரும் எதுவும் எழுதல" என்று மூடிவிட்டுப் போகிறோம். நமக்கு வரலாறே இல்லை என்று மற்றவர்கள் சொன்னபோது கோபப்பட்டோம். தேடத் தெரியாததால் அதையே நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இணையவழியில் வகுப்பு எடுக்கிறோம். பெரும்பாலும் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் இணையத்திலும் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சோதிப்பது என்பதுதான் பாடம். கையில் இருப்பது ஒரு கைபேசி. அதுவும் சிலருக்கு அண்ணனுடையது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். எனவே போவதற்கு முன்பே எதைத் தேடுகிறோம், எந்த ஆண்டு, எந்தப் பெயரில் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்த வகுப்பில் நாங்கள் பேசும் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாளும் நிலமும்

பஞ்சமி நிலம் பற்றித் தெரியாத தோழர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் அவர்கள் எப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதை அது அரசின் முன் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010, 1010அ எண் வருவாய்த் துறை ஆணைகள் வந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கலாம், அந்த நிலம் பிற சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்பது அதன் சாரம்.

நூறாண்டு கழித்து, செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்த இருவர் உயிர் கொடுத்துக் கேட்டது, ஏற்கெனவே தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த ஒன்றைத்தான். பழைய தாளைத் தேடும் வேலை நமக்கு வெறும் படிப்பு வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கேதான் மாவட்டப் பெயர் முக்கியமாகிறது. டிரெமென்ஹீர் அறிக்கை செங்கல்பட்டைப் பற்றியது. 1892இல் பள்ளிப்பட்டு செங்கல்பட்டில் இல்லை. 'இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பழைய செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது, எனவே அந்த அறிக்கை எங்கள் ஊரையும் பற்றியது' என்று ஒருவர் கட்டுரை எழுதினால், பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும், ஆனால் தவறு. ஜமீன் பகுதியில் நிலத்தின் கதையே வேறு. அங்கே அரசுக்கும் உழுபவனுக்கும் நடுவில் ஜமீன்தார் இருந்தார். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கிராமங்கள் ரயத்துவாரி முறைக்குள் கொண்டுவரப்பட்டன. எனவே பள்ளிப்பட்டுப் பக்கத்து ஜமீன் கிராமம் ஒன்றின் நிலத்தைத் தேடுபவர் ஜமீன் ஒழிப்புக்குப் பிந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் ஆறரை ஆண்டு ஆந்திர நிர்வாகம் என்பதால் தெலுங்கில் எழுதிய கணக்கும் வரலாம். பயப்பட வேண்டாம். நம் தெருவிலேயே தெலுங்கு படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆண்டு ஒன்று தப்பினால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். தாசில்தார் அலுவலகத்தில் மனுவைத் திருப்பிக் கொடுக்க அந்த ஓர் ஆண்டு போதும் தம்பி. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அது போதும்.

எந்தச் சொல்லைத் தட்டுவது?

அடுத்த பாடம் சொல். எந்த நூலகப் பட்டியலிலும் 'தலித்' என்று தட்டுங்கள். வருகிற புத்தகங்கள் பெரும்பாலும் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வந்தவையாக இருக்கும். அதற்கு முன்பு நம்மைப் பற்றி எழுதவில்லை என்று அர்த்தமில்லை. எழுதியவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பு எழுந்த பிறகுதான் அந்தச் சொல் நாடெங்கும் போனது. தமிழில் அது பரவலானது 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி.

பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சாவி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தாள்களில் 'பரையா' என்று தேட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில். பிறகு 'பஞ்சமர்'. ஆல்காட் 1894 முதல் தொடங்கிய பள்ளிகளுக்குப் பஞ்சமர் பள்ளி என்றுதான் பெயர். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்கள் அரசுத் தாள்களிலிருந்து விலகி, தமிழ்ப் பகுதியில் 'ஆதி திராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதியில் 'ஆதி ஆந்திரர்' என்றும் வந்தன. சட்டமன்ற விவாதங்களில் 'டிப்ரஸ்டு கிளாசஸ்'. 1930களில் காந்தியைப் பின்பற்றியவர்களின் எழுத்தில் 'ஹரிஜன்'. 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 'ஷெட்யூல்டு காஸ்ட்'.

எல்லையோர ஊர்க்காரர்களான நமக்கு 'ஆதி ஆந்திரர்' என்ற சொல் இன்னும் முக்கியம். 1917இல் பெசவாடாவில் பாக்கிய ரெட்டி வர்மா தலைமையில் நடந்த மாநாட்டில் எழுந்த பெயர் அது. பள்ளிப்பட்டு சித்தூரில் இருந்த காலத்தில், ஒரே தெருவில் தமிழ் பேசிய குடும்பம் ஒரு பெயரிலும் தெலுங்கு பேசிய குடும்பம் இன்னொரு பெயரிலும் பதிவாகியிருக்கலாம். ஒரு சொல்லை மட்டும் தேடினால் தெருவில் பாதி காணாமல் போய்விடும். ஊர்ப்பெயருக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் பள்ளிப்பட், பள்ளிப்பேட் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் எல்லோரும் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பட்டியல் எழுதுவார்கள்: காலவாரியாக நம் பெயர்கள், காலவாரியாக நம் ஊரின் பெயர்கள். பட்டியல் எழுதிய பிறகுதான் கைபேசியில் தேடலாம்.

காத்து வைத்தவர்கள்

இன்று அயோத்திதாசர் பெயரில் ஆய்வுகளும் கருத்தரங்குகளும் நடக்கின்றன. ஆனால் அவர் 1914இல் மறைந்த பிறகு பல பத்தாண்டுகள், கல்லூரிப் பாடநூல் எதிலும் அவர் இல்லை. 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி, ஓராண்டில் அதைத் 'தமிழன்' என்று மாற்றி, சாகும்வரை நடத்தியவர் அவர். பின்னாளில் அப்பாத்துரையார் அதே பெயரில் கோலார் தங்கவயலிலிருந்து இதழைத் தொடர்ந்தார். தங்கவயலுக்கு வேலைக்குப் போன தமிழர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர் பக்கத்து நம் மக்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் காசு சேர்த்து இதழ் நடத்தினார்கள்.

அந்த இதழ்கள் எப்படிப் பிழைத்தன? பெரிய நூலகங்கள் தேடிச் சேர்த்து வைத்ததால் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் காப்பாற்றி வைத்ததால். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்ட பிறகுதான் தமிழ் அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்து ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தனி நூலே எழுதினார். பெட்டியில் கிடந்த காகிதத்தை ஒருவர் எறியாமல் வைத்தார், இன்னொருவர் பொறுமையாக உட்கார்ந்து படித்தார். அதனால் நமக்கு ஒரு நூற்றாண்டு திரும்பக் கிடைத்தது.

கடல் கடந்தும் இதே கதை உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்த ஆர்தர் ஷோம்பர்க், கறுப்பர்களுக்கு வரலாறு இல்லை என்று பள்ளியில் கேட்டு வளர்ந்தவர். நியூயார்க்கில் வேலை பார்த்துக்கொண்டே கறுப்பின மக்கள் எழுதிய நூல்களையும் கடிதங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1926இல் அந்தத் தொகுப்பை 10,000 டாலருக்கு நியூயார்க் பொது நூலகத்துக்காக வாங்கினார்கள். ஹார்லெமில் இன்று அவர் பெயரில் ஓர் ஆய்வு மையமே இருக்கிறது.

யார் எழுதியது, எதற்காக எழுதியது?

கிடைத்துவிட்டது என்பதற்காக எதையும் அப்படியே நம்பக் கூடாது. இதற்கு நாங்கள் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் இரண்டு.

ஒன்று, இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழ். வசைச் சொல்லாக எறியப்பட்டதைப் பெயர்ப்பலகையாகத் தூக்கிப் பிடித்த இதழ் அது. அதில் வந்த செய்திகள் சில, ஆங்கில அரசு தயாரித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளில் சுருக்கமாகக் கிடைக்கின்றன. இந்திய மொழி இதழ்களில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று கண்காணிக்க, அரசு மொழிபெயர்ப்பாளர்கள் தொடர்ந்து எழுதிக் கொடுத்த ரகசிய அறிக்கைகள் அவை. வேவு பார்க்க எழுதிய தாள் நமக்கு ஆதாரமாகிவிட்டது. ஆனால் அதைப் படிக்கும்போது மறக்கக் கூடாது. அரசுக்கு எது உறுத்தியதோ அதைத்தான் மொழிபெயர்ப்பாளர் எடுத்தார். இதழில் வந்த மற்றவை அதில் இருக்காது. நாம் படிப்பது சீனிவாசனின் எழுத்தும் அல்ல, வேறொருவர் ஆங்கிலத்தில் சுருக்கியது.

இரண்டு, அயோத்திதாசர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியது. ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த கந்தப்பன், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்கிறார் அவர். நமக்குப் பெருமையான செய்தி. அதனாலேயே இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். எல்லீஸ் இறந்தது 1819இல். அயோத்திதாசர் பிறந்தது 1845இல். அப்படியென்றால் அவர் கண்ணால் கண்டதை எழுதவில்லை, வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டதை எழுதுகிறார். குடும்ப நினைவும் ஆதாரம்தான். ஆனால் அது எந்த வகை ஆதாரம் என்று சொல்லி மேற்கோள் காட்ட வேண்டும். எல்லீஸ் குறளை மொழிபெயர்த்தவர் என்பது போன்ற துணைச் செய்திகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம்முடையது என்பதற்காகச் சோதிக்காமல் விடவும் கூடாது. சேரியிலிருந்து வந்தது என்பதற்காகத் தள்ளவும் கூடாது. முதலாவதைச் செய்தால் ஏமாளி ஆவோம். இரண்டாவதை இத்தனை காலம் நமக்குச் செய்தார்கள்.

இதே சோதனையை வாட்ஸ்அப்பில் வருவதற்கும் வையுங்கள். அம்பேத்கர் படத்தோடு ஒரு வாசகம் வந்தால், எந்த நூல், எந்த ஆண்டு என்று கேளுங்கள். மகாராஷ்டிர அரசு 1979 முதல் அவருடைய எழுத்துகளையும் பேச்சுகளையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிடிஎஃப்பைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கிடைக்கவில்லையென்றால் பகிராதீர்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் போடுவது அவரை மதிப்பதாகாது. புத்தகங்கள் சேர்க்கவும் படிக்கவுமே தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டவர் அவர்.

சாட்ஜிபிடியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதனிடம் கேட்டால் நூல் பெயர், ஆசிரியர், பக்க எண் என்று அழகாக அடுக்கிக் கொடுக்கும். அவற்றில் சில உலகத்திலேயே இல்லாத நூல்களாக இருக்கும். எங்கள் வகுப்பின் விதி எளிது: நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்காத புத்தகத்தை, திறந்து பார்க்காத பக்கத்தை, மேற்கோள் காட்டக் கூடாது. கட்டுரையைத் திருத்தும் பேராசிரியர் கவனிக்காமல் விடலாம். நீதிமன்றமும் நம்மை வெறுப்பவர்களும் விட மாட்டார்கள்.

நூலகம் நம் காசு

1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் நம் மாநிலத்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அவர் முயற்சியில் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பிறகு நாட்டில் வந்த முதல் நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். நம் பெற்றோர் கட்டும் வரியில் அதுவும் இருக்கிறது. எனவே கிளை நூலகத்தில் நின்று ஒரு புத்தகம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதல்ல. உறுப்பினர் அட்டை வாங்குங்கள். இல்லாத புத்தகத்தை எழுதிக் கேளுங்கள். நூலகரிடம் பேசிப் பழகுங்கள்.

கைபேசியிலேயே திறக்கும் வாசல்கள் நிறைய. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்கைவில் வட ஆற்காடு மாவட்டக் கையேடு போன்ற ஆங்கில நூல்களைத் தேடலாம். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அபிலேக் படல். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. அதன் பட்டியலை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கன்னிமாரா, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு அங்கே ஒரு நாள் போனால் கூலி வீணாகாது.

பழைய தாள்களில் நாம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய எழுத்தாகத்தான் இருக்கிறோம். ஆட்சியர் எழுதியது, பாதிரியார் எழுதியது, போலீஸ் எழுதியது. நம் பாட்டிகள் அதில் ஒரு எண்ணிக்கையாக வருவார்கள், பெயராக வர மாட்டார்கள். அந்தக் குறையை எந்த ஆவணக் காப்பகமும் நிரப்பித் தராது. அதை நாம்தான் எழுத வேண்டும். எனவே தேடக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்த வேலை சேர்ப்பது.

இந்த மாதம் ஒவ்வொருவரும் மூன்று வேலை செய்யுங்கள் தோழர்களே. வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பட்டா, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், தங்கவயலிலிருந்து வந்த கடிதம் எதுவானாலும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். படத்தோடு யாருடையது, எந்த ஆண்டு, யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் பத்து வருடத்தில் அது யாருக்கும் பயன்படாத படமாகிவிடும். தெருவிலேயே வயதில் மூத்த ஒருவரிடம் அவர் அனுமதியோடு ஒரு மணி நேரம் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்லும் ஓர் ஊரை, ஓர் ஆண்டை, ஒரு பெயரையாவது நூலகத்திலோ இணையத்திலோ தேடி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் பெரியவர் தவறு என்று உடனே முடிவு செய்யாதீர்கள். தாளை எழுதியவர் யார் என்று முதலில் பாருங்கள்.